ஹோல்டரில் நின்ற கரண்ட்

தம்பி, தாயி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் "சாப்பிட்டீங்களாய்யா" என்று கேட்டீர்கள், சாப்பிட்டேன் என்றேன். மழை உண்டா என்று கேட்டீர்கள், இல்லை என்றேன். அதோடு வைத்துவிட்டேன். எழுத்து என்றால் நடுவில் யாரும் ஒண்ணும் கேட்க மாட்டார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டியது ஒண்ணுதான். பொங்கலுக்கு வந்திருந்தபோது நடுவீட்டில் தம்பிக்கு ஷாக் அடித்ததே, அது கை ஈரமாக இருந்ததால் இல்லை. அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் செய்த தப்பு. ஒயரிங் செய்தவன் நான்.

தாயி, நீ அப்போது இங்கே இல்லை. கைப்பிள்ளையோடு கோயம்புத்தூரில் இருந்தாய். உன் அம்மாவும் உனக்கு ஒத்தாசையாக அங்கே இருந்தாள். அதனால் நடந்ததை உனக்காக முதலில் இருந்து எழுதுகிறேன்.

உன் அண்ணன் சென்னையில் இருந்து வரும்போதே ஒரு அட்டைப்பெட்டி நிறைய எல்இடி பல்பு கொண்டுவந்தான். நம் வீட்டில் அப்போது மூணு குண்டு பல்பும் ரெண்டு சுருள் பல்பும் இருந்தன. "குண்டு பல்பு கரண்ட்டத் தின்னுதுய்யா. இது ஒம்பது வாட்ஸ்தான், பாருங்க வெளிச்சத்த" என்று பொங்கலன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ஆனதும் வேலையை ஆரம்பித்தான். பெட்டியில் ரெண்டு பல்பு திருகி மாட்டுகிற மரை வைத்தது. நம் ஹோல்டர் எல்லாம் பின் மாட்டுகிற ஹோல்டர். "சென்னையில இருக்கவன் வாங்கின லட்சணத்தப் பாரு" என்று நான் கிண்டல் பண்ணினேன். மருமகள்கூடச் சிரித்தது. அந்த ரெண்டும் இன்னும் அரிசி டின்னுக்கு மேலேதான் கிடக்கின்றன.

நாலு இடத்தில் மாட்டிவிட்டான். நடுவீட்டுப் பல்பு மட்டும் எரியவில்லை. அது பழைய பித்தளை ஹோல்டர். நம் ஊருக்கு வருகிற உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூத்துப் போகும். உள்ளே இருக்கிற ரெண்டு பின்னில் ஒண்ணு உள்வாங்கி அப்படியே நின்றுவிட்டது. பல்பைக் கழற்றிவிட்டு, விரலால் அந்தப் பின்னை நிமிண்டப் போனான். போகும் முன்னால் என்னைக் கேட்டான்.

"அய்யா, சுவிட்ச் ஆஃப்ல தான இருக்கு?"

நான் சுவிட்சைப் பார்த்தேன். "ஆஃப்தான், தைரியமாத் தொடு" என்றேன்.

தொட்டான். இரும்பு ஸ்டூல் ஒரு பக்கம் போனது, பிள்ளை ஒரு பக்கம் போனான். பக்கத்தில் கிடந்த மிளகாய் மூட்டை மேலே போய் விழுந்ததால் எலும்புக்கு ஒண்ணும் ஆகவில்லை. முழங்கை மட்டும் சிராய்த்தது. பேத்தி வீல் என்று கத்தியது. சின்னவன் அதைப் பார்த்து அழுதான். மருமகள் ரெண்டு பிள்ளைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், ஏனென்றால் இந்த வீட்டில் கரண்ட் பற்றித் தெரிந்தவன் நான்.

"கைய கழுவிட்டுத் தொடைக்காம வந்துட்டான்" என்று சொன்னேன்.

தம்பி, நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கை காய்ந்துதான் இருந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனாலும் நீ, "ஆமாய்யா, ஈரமா இருந்திருக்கும்" என்றாய். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதில் இருந்து உனக்கு ஒரு பழக்கம்.

ஏன் ஷாக் அடித்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. அது சத்தியம். ஆனால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளைகளைக் காரங்காட்டுக்குப் படகுச் சவாரி கூட்டிப்போய்விட்டு, அங்கிருந்து நேராகச் சென்னைக்குக் கிளம்பிவிட்டீர்கள். இன்னும் ரெண்டு நாள் இருப்பதாகச் சொல்லித்தான் வந்திருந்தீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சித்திரை லீவுக்கு வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏதோ வகுப்பு என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் பேத்தி போனில், "தாத்தா, உங்க வீட்டுல கரண்ட் கடிக்கும்ல, அதான் அம்மா வேண்டாங்குது" என்றது. பின்னால் மருமகள் "ஏய், போனக் குடு" என்று அதட்டுகிறது கேட்டது. மருமகள் மேலே எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெற்றவள் பயப்படத்தான் செய்வாள்.

இப்போது ஒயரிங் கதை.

நீங்கள் ரெண்டு பேரும் சின்னப்பிள்ளையாக இருந்தபோது நம் வீட்டுக்குக் கரண்ட் வந்தது. அந்த வருஷம் மழை இல்லை, மிளகாய் இல்லை. நான் திருவாடானையில் ஒரு எலெக்ட்ரீசியனோடு கொஞ்ச நாள் பைப் தூக்கினேன். கரண்ட் வருகிற பேஸ் எது, அது திரும்பிப் போகிற நியூட்ரல் எது, டெஸ்டர் எதில் எரியும், இவ்வளவுதான் கற்றுக்கொண்டது. பிறகு நம் வீட்டுக்கு நானே சுவரில் ரீப்பர் கட்டை அடித்து அதன் மேலே ஒயர் இழுத்தேன்.

சுவிட்ச் மாட்டும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்கள் அம்மா அடுப்படியில் இருந்து ஈரக்கையோடு ஓடிவந்து சுவிட்சைப் போடுகிறவள். பேஸ் ஒயர்தான் ஆளைக் கொல்லும். அதைக் கொண்டுபோய் கை படுகிற இடத்தில் ஏன் வைக்க வேண்டும்? நியூட்ரலைச் சுவிட்சில் மாட்டுவோம், பேஸை நேராக மேலே ஹோல்டருக்கு விட்டுவிடுவோம். ரெண்டில் எதை அறுத்தாலும் பல்பு அணையத்தானே போகிறது? மாட்டினேன். போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. எரிந்தால் சரி, எரியாவிட்டால் தப்பு, அதுதான் எனக்குத் தெரிந்த பரீட்சை.

இதை நான் சும்மா வைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் சொன்னேன். "என் வீட்டு சுவிட்ச ஈரத்துணிய வச்சுத் தொடலாம், ஒண்ணும் செய்யாது" என்று பெருமை பேசினேன். கேட்டவர்கள் எங்கள் வீட்டுக்கும் அப்படியே செய் என்றார்கள். தெருவில் மூணு வீட்டுக்குச் செய்தேன். எதிர்த்த வீட்டு மச்சானுக்கு, கிழக்கே அண்ணிக்கு, கோடியில் இப்போது பூட்டிக் கிடக்கிறதே அந்த வீட்டுக்கு. கூலி வாங்கவில்லை. அந்தப் பெருமையே போதும் என்று இருந்தது. தாயி, நீ பள்ளிக்கூடத்தில் "எங்கய்யாவுக்குக் கரண்ட் வேல தெரியும்" என்று சொன்னதாக டீச்சர் வந்து சொன்னார். அதை ரொம்ப நாள் நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

குண்டு பல்பு இருந்தவரைக்கும் என் தப்பு வெளியே தெரியவில்லை. எல்இடி வந்துதான் காட்டிக்கொடுத்தது.

பொங்கல் முடிந்து நீங்கள் போன பிறகு மிளகாய் அறைக்குள் போனேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். மூட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டுச் சுவிட்சை அணைத்தேன். பல்பு அணைந்தது, ஆனால் முழுசாக அணையவில்லை. முட்டையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுமே, அந்த மாதிரி மங்கலாக இருந்தது. மறுநாளும் அப்படித்தான். சிக்கனப் பல்பு, கொஞ்சம் கரண்ட்டை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் போல என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் சாக்கை விரித்துப் படுப்பேன். வீட்டில் மற்ற இடம் எல்லாம் பொருள் வைத்தது வைத்தபடி கிடக்கும், நான் வைத்த தம்ளரை நானேதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு அறையில்தான் நான் செய்யாத ஒரு காரியம் தானாக நடந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"ஏங்க, அணைச்ச பல்பு எரியுதா? மருந்து ஏதும் மாத்திச் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்லடி, நெசமா."

"நான் வந்து வருசமாகப் போகுது. பல்பாவது உங்கள விட்டுப் போகாம இருக்கட்டும்" என்று சிரித்தாள். பின்னால் பிள்ளை அழுதது. "இருங்க, வாரேன்" என்று வைத்தாள். திரும்பக் கூப்பிடவில்லை. கைப்பிள்ளைக்காரி வீட்டில் அப்படித்தான் இருக்கும் தாயி, உன்னைக் குறையாகச் சொல்லவில்லை.

வைகாசியில் எதிர்த்த வீட்டு மச்சான் ஃப்ரிட்ஜ் வாங்கினான். அதற்குத் தனியாக ஒரு ப்ளக் வைக்க டவுனில் இருந்து எலெக்ட்ரீசியன் வந்தார், நடுவயசு ஆள். நானும் போய் உட்கார்ந்தேன். மச்சான் வேலையோடு வேலையாக, "சார், எல்இடி போட்டதுல இருந்து அணைச்சாலும் லேசா முழிச்சுக்கிட்டே இருக்கு, ஏன்னு பாருங்க" என்றான். எங்கள் ரெண்டு வீட்டிலும் அப்படி என்றால் பல்பில்தான் கோளாறு என்று நான் உள்ளே நினைத்துக்கொண்டேன்.

அவர் சுவிட்ச் பெட்டியைக் கழற்றி டெஸ்டர் வைத்தார். ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டரில் வைத்தார். இறங்கினார்.

"யாரு பாத்த வேல இது?"

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். "அது யாரோ ஒரு மேதாவி சார். அந்தக் காலத்து ஆளு."

"நல்ல மேதாவி. நியூட்ரல்ல சுவிட்ச் வச்சிருக்கான். நீங்க சுவிட்ச அணைச்சாலும் பேஸு மேல ஹோல்டர்லயே நிக்குது. அந்தக் கசிவுலதான் பல்பு மினுக்குது. குண்டு பல்புக்கு அது பத்தாது, எல்இடிக்குப் போதும். பல்பு மினுக்குறது பெரிய காரியமில்ல, ஆஃப்ல இருக்குன்னு நம்பி எவனாச்சும் கைய வச்சா?"

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டே இருந்தேன். நான்தான் அந்த ஆள் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது வயலைப் பார்த்தேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் போதும் என்றால் நாம் என்ன செய்வோம்? வரத்து வாய்க்காலை அடைப்போம். வரத்தைத் திறந்துவிட்டு வடிகாலை அடைக்கிற கிறுக்கன் உண்டா? அடைத்தால் தண்ணீர் வயலிலேயே நிற்கும், வேர் அழுகும். முப்பது வருஷம் விவசாயம் பார்த்த எனக்கு இது தெரியும். அதே ஆள்தான் வீட்டுக்குள் வடிகாலை அடைத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நடுவீட்டு சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பைக் கழற்றி, தம்பி விரல் வைத்த அதே பின்னில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலிலேயே நின்றேன். "ஆஃப்தான், தைரியமாத் தொடு" என்று நான் சொன்னது காதில் கேட்டது.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். மச்சான் வேறு மறுநாள் வந்து, "மச்சான், என் வீட்ட மாத்தியாச்சு. அண்ணி வீட்டுக்கு யாரு சொல்றது, நீயா நானா?" என்று கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒரு மாசம் போனது. படிப்பு இல்லாதவனுக்கு நாலு பேர் நடுவில் இருந்தது கரண்ட் வேலை தெரிந்தவன் என்ற அந்த ஒரு பேர்தான். அதையும் நானே எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

ஆனி மாசம் ஒரு நாள் காலையில் கிழக்கே வீட்டு அண்ணி முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்துவிட்டுச் சும்மா போகிற போக்கில் சொன்னது.

"நேத்து என் மருமக பல்ப மாத்தும்போது சுர்ருன்னு இழுத்துருச்சு. நல்லவேளை, ஒதறிட்டா. ஈரக்கையோட தொட்டுருப்பா. உங்க மகனுக்கும் அப்படித்தான ஆச்சு?"

நான் சொன்ன பொய், வீடு வீடாகப் போய், கீரையோடு என் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"கை ஈரமில்ல அண்ணி. தப்பு என் வேலையில. சுவிட்ச நான் மாத்தி வச்சிருக்கேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டது. "அடப்பாவி மனுஷா! ராத்திரி பூரா அவள வஞ்சிருக்கேன், அறிவு இருக்கா, ஈரக்கையோடயா தொடுவன்னு. அவளும் இல்லத்தே இல்லத்தேன்னு அழுதா. இப்ப நான் போயி அவகிட்ட என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?"

"நான் வாரேன், நானே சொல்றேன்."

"வாங்க. மொதல்ல மெயின அணைங்க, அப்புறம் மன்னிப்பெல்லாம் கேளுங்க."

போய்ச் சொன்னேன். அந்தப் பொண்ணு மாமியாரை ஒரு பார்வை பார்த்தது. அண்ணி தரையைப் பார்த்தது.

மறுநாளே அந்த எலெக்ட்ரீசியனை வரச் சொன்னேன். விவரம் சொன்னதும், "அந்த மேதாவி நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேலே கிண்டல் பண்ணவில்லை. மெயினில் ரெண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் முடிந்துவிடாதா என்று கேட்டேன். "அப்படிச் செஞ்சா ப்ளக் பாயிண்ட் எல்லாம் தலகீழாப் போயிரும். பெட்டி பெட்டியாத்தான் பாக்கணும்" என்றார். பெட்டி பெட்டியாகப் பார்த்தார். பித்தளை ஹோல்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிசு மாட்டினார். ஷாக் அடித்தால் தானாகக் கரண்ட்டை நிறுத்துகிற ஒரு பிரேக்கரும் மெயின் பக்கத்தில் வைத்தாயிற்று. நம் வீடும் அண்ணி வீடும் ரெண்டு நாளில் முடிந்தன. இப்போது சுவிட்சை அணைத்தால் டெஸ்டர் எந்த ஹோல்டரிலும் எரியவில்லை. ஒவ்வொன்றாக நானே வைத்துப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

மிளகாய் அறை இப்போது சுத்த இருட்டு. மத்தியானம் அங்கே படுப்பதில்லை.

உங்கள் அம்மாவிடம் அன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிட்டேன். "அப்ப எம்புள்ளையக் கீழ தள்ளுனது நீங்கதானா" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதான அப்படி வச்சீங்க" என்று பிறகு கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். "மருமககிட்ட நான் பக்குவமாச் சொல்லவா?" என்றாள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லித்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

தம்பி, இதை மருமகளிடம் படித்துக் காட்டு. மாமா பொய் சொன்னார் என்று தெரியட்டும். பேத்திக்கும் சொல், அப்பா கை காய்ந்துதான் இருந்தது என்று. வீடு சரியாகிவிட்டது, வாங்க என்று எழுதத்தான் ஆசை. ஆனால் "ஆஃப்தான், தொடு" என்று ஒரு தடவை சொன்னவன் நான். இன்னொரு தடவை என் பேச்சை நம்பி வரச் சொல்ல எனக்கு வாய் இல்லை. எலெக்ட்ரீசியன் நம்பரை நோட்டின் பின் அட்டையில் எழுதியிருக்கிறேன். அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வீடு மிச்சம் இருந்தது, கோடியில் பூட்டிக் கிடக்கிற வீடு. அவர்கள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. வீட்டுக்காரனைப் போனில் பிடித்துச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில், "அங்கன யாரு வந்து சுவிட்ச போடப் போறா, விடுங்கண்ணே" என்று சிரித்தான். கோயில் கும்பிடுக்கு வருவீர்களே என்றேன். "வந்தா பாப்போம். உங்களுக்கு மனசு கேக்கலன்னா பீஸப் புடுங்கி வச்சிருங்க" என்றான்.

மேலே உள்ளதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு நேற்று நாலு மணிக்கு அங்கே போனேன். வாசல் வரைக்கும் கருவேல முள் வளர்ந்து கிடந்தது. அரிவாளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். மீட்டர் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு, பீஸ் கட்டையை உருவி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாக்பீஸ் கொண்டுபோக மறந்துவிட்டது. அடுப்புக்கரித் துண்டு ஒன்று வாசலில் கிடந்தது. அதை எடுத்துக் கதவில், "சுவிட்ச் அணைத்திருந்தாலும் பல்பைத் தொடாதீர்கள். ஒயரிங் தப்பு" என்று எழுதினேன். கொஞ்சம் தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். பிறகு கிட்டே போய், கீழே என் பெயரை எழுதினேன்.